மருந்து இருக்கிறதா? கையிருப்புக் கணக்கைப் பற்றி ஓர் ஆராய்ச்சி

பண்டகசாலையை நிர்வகிப்பவரிடம் நாள்தோறும் கேட்கப்படும் கேள்விகளுள் மிகப் பழமையானதும், பார்வைக்கு மிக எளியதும், இன்ன பொருள் இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு இருக்கிறது என்பதே. ஜவுளிக்கடையில் இக்கேள்விக்குத் தவறான விடை கிடைத்தால் வாங்க வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். உரக்கடையில் கிடைத்தால் ஓர் உழவரின் பருவம் சில நாள் பிந்தும். ஆனால் அரசாங்க ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கில், சர்க்கரை நோயாளிக்கு வேண்டிய இன்சுலினைக் குறித்தோ, பிரசவத்தின்போது இரத்தப்போக்கை நிறுத்தும் ஊசியைக் குறித்தோ இக்கேள்வி எழும்போது, அதற்குச் சொல்லப்படும் விடை ஒருவருடைய பிராணனோடு சம்பந்தப்பட்டதாகிவிடுகிறது. கணிப்பொறித் திரையில் நொடிப்பொழுதில் தோன்றும் அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம், அது எந்தெந்தக் காரணங்களால் பிழைபடுகிறது, பிழையைக் களைய என்னென்ன முறைகள் கையாளப்பட்டு வந்திருக்கின்றன என்பவற்றை மருந்து விநியோகத்தைப் பிரதான உதாரணமாக வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இருப்பைப் பற்றிக் கேட்பவர் உண்மையில் ஒரு வாக்குறுதியைக் கேட்கிறார் என்பதும், அந்த வாக்குறுதியின் பலம் இயந்திரத்தின் வேகத்தைக் காட்டிலும் கிடங்கில் நின்று எண்ணுகிறவருடைய உழைப்பையே பெரிதும் சார்ந்திருக்கிறது என்பதும் இவ்விஷயத்தில் நான் கொண்டுள்ள அபிப்பிராயம்.

பழைய காலத்தவர் இதனைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்திருக்கிறார்கள். கௌடிலியருடைய அர்த்தசாஸ்திரம் தானியக் களஞ்சியத்துக்கென்று தனியாக ஓர் அத்தியட்சகரை ஏற்படுத்தி, சேர்த்து வைத்ததில் ஒரு பாதியை ஜனங்களுக்கு நேரக்கூடிய ஆபத்துக் காலத்துக்கென்று ஒதுக்கி, மற்றொரு பாதியை மட்டுமே செலவிட வேண்டும் என்றும், பழைய சரக்கைப் புதியதைக் கொண்டு மாற்றி வர வேண்டும் என்றும் விதிக்கிறது. கருவூலத்தைக் காக்கும் சந்நிதாதா என்னும் அதிகாரி, நூறு வருஷத்து வரவைக் கேட்டாலும் தயங்காமல் மீதத்தைச் சொல்ல வல்லவராக இருக்க வேண்டும் என்றும் அந்நூல் எதிர்பார்க்கிறது. களஞ்சியத்தில் இருப்பது வேறு, அதிலிருந்து கொடுக்கக்கூடியது வேறு என்ற பாகுபாடு அந்த விதியிலேயே அடங்கியிருக்கிறது. ஆனால் அக்காலத்தில் கேட்டவரும் களஞ்சியமும் பெரும்பாலும் ஓரிடத்திலேயே இருந்தமையால், சொன்ன விடையில் ஐயம் தோன்றினால் கதவைத் திறந்து கண்ணால் பார்த்துவிடலாம். இன்றோ கேட்பவர் ஒரு நகரத்திலும், கிடங்கு வேறொரு மாவட்டத்திலும், இரண்டையும் இணைக்கும் எண் ஒரு கணிப்பொறியிலும் இருப்பதால், பொருளைப் பாராமலே அதைப் பற்றித் தீர்மானம் செய்வது நமது அன்றாடப் பழக்கமாகிவிட்டது.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ஆம் ஆண்டில் பதிவு செய்யப்பட்டு, 1995-இன் தொடக்கத்தில் தன் வேலையை ஆரம்பித்தது. மாநிலம் முழுமைக்கும் வேண்டிய அத்தியாவசிய மருந்துகளை ஒரே இடத்திலிருந்து கொள்முதல் செய்து, மாவட்டந்தோறும் அமைத்த கிடங்குகளில் இறக்கி, அங்கிருந்து ஆஸ்பத்திரிகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வழங்குவது அதன் ஏற்பாடு. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. வருஷத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று அதில் ஒதுக்கீடு எழுதப்பட்டிருக்கும். மருந்து எடுக்க எடுக்க அதன் விலை அதில் கழிக்கப்பட்டு வரும். கிடங்குகளின் இருப்பைத் தலைமையகம் கணிப்பொறியின் மூலம் அறிந்துகொண்டு, குறையுமிடத்துக்குப் புதிதாக ஆர்டர் கொடுக்கும். இம்முறையின் பயனைக் கண்டு கேரளமும் ராஜஸ்தானும் இதைப் போன்ற ஸ்தாபனங்களைத் தத்தம் மாநிலங்களில் நிறுவிக்கொண்டன என்பது, நம்மவர் பெருமைப்படத்தக்க செய்தி.

இந்த ஏற்பாட்டில், கம்பெனியிலிருந்து லாரியில் வந்திறங்கிய மருந்து உடனே நோயாளிக்குக் கொடுக்கத்தக்கதாகிவிடுவதில்லை. ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, தரமானது என்ற அறிக்கை வரும் வரையில் அந்தப் பெட்டிகள் கிடங்கின் ஒரு பகுதியில் தனியே அடுக்கப்பட்டுக் காத்திருக்கின்றன. கிடங்குக்குள் நுழைந்து பார்ப்பவர் கண்ணுக்கு மருந்து மலைபோல் குவிந்திருக்கும். பதிவேட்டிலும் வரவு வைக்கப்பட்டிருக்கும். ஆனால் கொடுப்பதற்கு ஒரு மாத்திரைகூட இல்லாமல் இருக்கலாம். ஆகவே இருப்பு என்னும் ஒரே சொல்லுக்குள், ஏட்டில் எழுதப்பட்டது, கண்ணால் காணக்கூடியது, பிறருக்கென்று ஒதுக்கியதும் சோதனைக்குக் காத்திருப்பதும் காலாவதியை நெருங்கியதும் போக, கேட்பவருக்குத் தருவேன் என்று வாக்குக் கொடுக்கக்கூடியது என மூன்று வெவ்வேறு அளவுகள் ஒளிந்திருக்கின்றன. மூன்றையும் தனித்தனியே வைத்துக் காட்டாமல், கூட்டிக் கழித்து ஓர் எண்ணை மட்டும் காட்டும் மென்பொருள் எவ்வளவு அழகாக அமைந்திருந்தாலும், அதை நம்பி ஒரு டாக்டர் சீட்டு எழுதுவது அபாயகரமானது.

எந்த அலகில் எண்ணுகிறோம் என்பதும் சாமானியமான விஷயம் அன்று. பி.சி.ஜி. தடுப்பூசி மருந்து ஒரு புட்டியில் பல குழந்தைகளுக்குப் போதுமானதாக வருகிறது. ஆனால் கரைத்த பின் சில மணி நேரத்துக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால் எஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும் என்பது விதி. மூன்று குழந்தைகளே வந்த நாளில் ஒரு புட்டி திறக்கப்பட்டால், போட்ட ஊசி மூன்று, குறைந்த இருப்பு ஒரு முழுப் புட்டி. போட்ட ஊசிகளைக் கொண்டு இருப்பைக் கழித்துவரும் கணக்கு, நாளாக நாளாக இல்லாத மருந்தை இருப்பதாகக் காட்டத் தொடங்கும். பாம்புக்கடிக்குரிய விஷமுறிவு மருந்தில் இதைவிடக் கடுமையான வேறொரு சிக்கல் உண்டு. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் பொதுவாக நமது நாட்டில் தயாரிக்கப்படும் அம்மருந்துக்கு வேண்டிய விஷத்தின் பெரும்பகுதியைச் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் உள்ள, 1978-இல் அமைக்கப்பட்ட இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் திரட்டித் தருகிறார்கள். அவர்கள் உழைப்பின் கனியாகிய அந்தக் குப்பிகளில் எட்டு முதல் பத்து வரை முதல் வேளையிலேயே ஏற்றவேண்டும் என்று சிகிச்சை விதிகள் கூறுகின்றன. மூன்று குப்பிகள் உள்ள ஒரு நிலையத்தைக் குறித்துக் கணிப்பொறி ‘இருப்பு உண்டு’ என்று பச்சை விளக்குக் காட்டுமேயானால், அது எண்ணளவில் உண்மையாயிருந்தும் நோயாளியளவில் பொய். ஒரு மனிதருக்கு ஒரு சிகிச்சை என்பதே இத்தகைய மருந்துகளுக்கு உரிய அலகாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி, ஏட்டிருப்புக்கும் கண்கண்ட இருப்புக்கும் உள்ள வேற்றுமையைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். இப்பிரச்சினையின் வேர் அங்கேதான் இருக்கிறது. நிக்கோல் டிஹொரேஷியஸ், ஆனந்த் ராமன் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள், ஒரு பெரிய சில்லறை வியாபார நிறுவனத்தின் 37 கடைகளில் ஏறக்குறைய 3,70,000 இருப்புப் பதிவுகளை ஆராய்ந்து, அவற்றில் நூற்றுக்கு 65 பதிவுகள் நேரில் எண்ணியதோடு பொருந்தவில்லை என்பதைக் கண்டு, 2008-இல் அந்த ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். கணிப்பொறியும் பார்கோடும் வந்து பல்லாண்டுகள் ஆன பின்னர் நிகழ்ந்த ஆராய்ச்சி இது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பார்கோடு முதன்முதலில் ஒரு கடைப் பொருளின் மீது வாசிக்கப்பட்டது 1974 ஜூன் 26 அன்று, ஓஹையோ மாநிலத்து டிராய் நகரில், ஒரு சூயிங் கம் பொட்டலத்தில். அன்றுமுதல் விற்பனையைப் பதிவு செய்வதில் வேகம் வந்தது உண்மை. ஆயினும் ஒரே விலையுள்ள இருவேறு பொருள்களைக் கொண்டுவரும் வாடிக்கைக்காரருக்கு, அவசரத்தில் ஒன்றையே இருமுறை காட்டி பில் போடும் ஊழியரால், பணக் கணக்கு சரியாக இருக்கும்போதே ஒரு பொருளின் இருப்பு ஒன்று குறைவாகவும், மற்றொன்றின் இருப்பு ஒன்று கூடுதலாகவும் பதிவாகிவிடுகின்றன. உடைந்தது, கெட்டது, திருடு போனது, தவறான தட்டில் வைக்கப்பட்டது, திரும்பி வந்ததை வரவு வைக்க மறந்தது ஆகிய அனைத்தும் இதனோடு சேர்ந்துகொள்ளும். மருந்தகத்தின் முன்னே நூறு பேர் வரிசையில் நிற்கையில், மருந்தாளுநர் கொடுப்பதை முதலில் கொடுத்துவிட்டு, மாலையில் உட்கார்ந்து மொத்தமாகப் பதிவு செய்கிறார். காலைக்கும் மாலைக்கும் இடையே அந்த எண்ணைப் பார்த்தவர் அனைவரும் நேற்றைய நிலவரத்தையே பார்த்தவராவர்.

இத்தகைய பிழைகளில் ஏட்டில் குறைவாகவும் தட்டில் மிகுதியாகவும் இருப்பது அதிக ஆபத்தானதன்று. வேண்டாமலே கொஞ்சம் வாங்கிவிடுவோம், அவ்வளவே. இதற்கு மாறானதோ தானாகவே தன்னை நிலைநிறுத்திக்கொள்ளும் நோயைப் போன்றது. ஒரு மருந்தில் பத்துக்குக் கீழே இறங்கினால் புதிதாகத் தருவிக்க வேண்டும் என்று கணிப்பொறிக்கு விதி வைத்திருக்கிறோம் என்றும், ஏட்டில் பன்னிரண்டு இருப்பதாகவும் தட்டில் ஒன்றுமே இல்லை என்றும் கொள்வோம். தட்டில் இல்லாததால் கொடுக்க முடியாது. கொடுக்காததால் ஏட்டிலிருந்து ஒன்றும் கழியாது. கழியாததால் எண் பத்துக்குக் கீழே இறங்காது. இறங்காததால் தருவிக்கும் கட்டளை பிறக்காது. யாரேனும் கைமுயற்சியாகத் தலையிட்டு எண்ணிப் பார்த்தாலன்றி அந்தப் பன்னிரண்டு அப்படியே நின்றுகொண்டிருக்கும். நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கணக்கில் வராமல் கசியும் இழப்புகூட, தானே தருவிக்கும் ஏற்பாட்டைக் குலைத்துக் கடுமையான தட்டுப்பாட்டை உண்டாக்க வல்லது என்று காங், கெர்ஷ்வின் என்பவர்கள் 2005-இல் கணித ரீதியாகக் காட்டியிருக்கிறார்கள். இழந்த பொருளின் விலையைக் காட்டிலும், இழந்ததை அறியாமையின் விலை மிகப் பெரிது என்பது அவர்களுடைய ஆராய்ச்சியிலிருந்து தெளிவாகிறது.

எண் சரியாகவே இருந்தாலும், ஏககாலத்தில் பலர் கேட்கும்போது வேறொரு சங்கடம் தோன்றுகிறது. கடைசியாக மிஞ்சிய ஒன்றை இருவர் இருவேறு ஊர்களிலிருந்து பார்க்கிறார்கள், இருவருக்கும் ‘ஒன்று உள்ளது’ என்ற விடை கிடைக்கிறது, இருவரும் கேட்கிறார்கள். இதை முதலில் பெரிய அளவில் எதிர்கொண்டவர்கள் விமானக் கம்பெனியார். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1946-இல் போஸ்டனில் நிறுவிய ரிசர்வைசர் என்னும் இயந்திரம், எந்தப் பயணத்தில் இடம் இருக்கிறது என்பதை விளக்கின் மூலம் முகவருக்குக் காட்டியது, பின்னர் ஐ.பி.எம். நிறுவனத்தோடு சேர்ந்து அவர்கள் அமைத்து, 1964-இல் முழுமை பெற்ற சேபர், பார்ப்பதையும் பதிவு செய்வதையும் ஒரே காரியமாக இணைத்தது. தரவுத்தள விஞ்ஞானத்தில் ஜிம் கிரேயும் அவருடைய சகாக்களும் 1976-இல் வகுத்த பூட்டு முறைகள் இதற்குச் சாஸ்திர ரீதியான அடிப்படையைத் தந்தன. ஒருவர் ஒரு பதிவைத் தொட்டு மாற்றிக்கொண்டிருக்கும்போது மற்றொருவர் அதை மாற்றாதபடி தடுத்து, கேட்பது, கழிப்பது, உறுதி செய்வது ஆகிய மூன்றும் பிரிக்க முடியாத ஒரே செயலாக நடக்க வேண்டும் என்பதே அவற்றின் சாரம். 2021 மே மாதத்தில் 18 வயது நிரம்பிய அனைவருக்கும் கொரோனா தடுப்பூசி திறந்துவிடப்பட்டபோது, கோவின் என்னும் முன்பதிவுத் தளத்தில் இடம் இருப்பதாகக் கண்டு விவரங்களைப் பூர்த்தி செய்வதற்குள் அது மறைந்துபோன அனுபவம் லட்சக்கணக்கானவர்களுக்கு உண்டு. பார்த்த கணத்தில் அந்த விடை மெய்யாகவே இருந்தது. ஆனால் அது எவருக்கும் உரியதாக ஒதுக்கப்படவில்லை. பஸ் டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் சில நிமிஷங்களுக்கு இருக்கையை நிறுத்தி வைப்பதுபோல, குறிப்பிட்ட அவகாசத்துக்கு ஒதுக்கி, அது கடந்தால் தானே விடுவிக்கும் முறை மிகவும் நியாயமானது.

பல கிடங்குகளும் பல கணிப்பொறிகளும் சேர்ந்த பெரிய அமைப்புகளில் பூட்டுகள் வேலையை மந்தமாக்குவதால், அமேசான் போன்ற வியாபாரிகள் சிறிது நேரம் எண்கள் ஒத்துப்போகாவிட்டாலும் பரவாயில்லை, வாடிக்கைக்காரரைக் காத்திருக்க வைக்கக் கூடாது என்ற கொள்கையை ஏற்றார்கள். பாட் ஹெல்லண்ட் என்னும் கணிப்பொறி அறிஞர், இருப்பைப் பற்றிய விடை எப்போதும் ஓர் ஊகமே என்றும், ஊகம் தவறும்போது மன்னிப்புக் கேட்பதற்கான வழியையும் அமைப்பிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் வாதிக்கிறார். பூட்டு எவ்வளவு கடுமையாக இருந்தாலும், கிடங்கில் கடைசிப் பெட்டியின் மீது வண்டி ஏறிவிட்டால் கணக்கு பொய்த்துத்தானே போகும் என்று பார்க்கையில், அவர் கூறுவதில் மிகுந்த உண்மை இருக்கிறது. புத்தகத்துக்கும் புடவைக்கும் இக்கொள்கை பொருந்தும். வலிப்பு கண்ட கர்ப்பிணிக்கு ஏற்றவேண்டிய மெக்னீசியம் சல்பேட்டுக்குப் பொருந்தாது. மருந்து விஷயத்தில், நிச்சயமில்லாதபோது ‘உண்டு’ என்று சொல்வதைக் காட்டிலும், ‘எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன்’ என்று சொல்லும் அமைப்பையே நான் விரும்புவேன்.

தட்டுப்பாடு உண்டாகிவிட்டால் அது கேட்பவருடைய நடத்தையையும் மாற்றிவிடுகிறது. லீ, பத்மநாபன், வாங் ஆகிய மூவர் 1997-இல் விளக்கியபடி, குழந்தைகளுக்குக் கட்டும் டயாப்பரின் தேவை மாதத்துக்கு மாதம் அதிகம் மாறாவிட்டாலும், கடையிலிருந்து மொத்த வியாபாரிக்கும், அங்கிருந்து தொழிற்சாலைக்கும் செல்லும் ஆர்டர்கள் படிக்குப் படி பெரிதாக ஏறி இறங்குகின்றன. கேட்டதில் பாதியே கிடைக்கும் என்று அறிந்தவர் இருமடங்கு கேட்பது அதற்கு ஒரு காரணம். ஆயிரம் மாத்திரைக்கு இண்டெண்ட் கொடுத்து ஐந்நூறு பெற்ற ஆஸ்பத்திரி, அடுத்த முறை இரண்டாயிரம் கேட்கிறது. கிடைத்ததை அலமாரியில் பூட்டி வைக்கிறது. மாவட்டக் கிடங்கின் ஏட்டிலோ அது செலவானதாகப் பதிவாகிவிடுகிறது. பக்கத்து ஊரில் அதே மருந்துக்கு நோயாளிகள் அலைகையில், இங்கே அது காலாவதியாகிறது. ஆகவே கிடங்கிலிருந்து வெளியேறியதோடு கணக்கை முடித்துக்கொள்ளாமல், கடைசி அலமாரி வரையில் இருப்பு தெரிய வேண்டும். தடுப்பூசிகளுக்கென்று 2015 முதல் மத்திய சுகாதார அமைச்சகம் ஏற்படுத்திய ஈவின் என்னும் அமைப்பில், குளிர்சாதனப் பெட்டியைப் பராமரிக்கும் ஊழியரே கைப்பேசியில் இருப்பைப் பதிவு செய்வதும், பெட்டியின் வெப்பநிலை தானாகவே பதிவாவதும் இந்த நோக்கத்தில் எடுத்துவைத்த நல்ல அடி.

பரிகாரங்களில் முதன்மையானது எண்ணுவதே. மார்ச்சு 31 நெருங்கும்போது அலுவலகங்களில் நடக்கும் வருஷாந்தரச் சரிபார்ப்பு, பன்னிரண்டு மாதப் பிழைகளைச் சேர்த்து ஒரே நாளில் கண்டுபிடிக்கிறது. காரணத்தை அறிய அப்போது வழியில்லை. தினமும் ஐந்தாறு மருந்துகளை மட்டும் எடுத்து எண்ணி, ஏட்டோடு ஒப்பிட்டு, வேறுபட்டால் அன்றே காரணம் தேடும் சுழற்சி முறை இதனினும் பன்மடங்கு மேலானது. எதை அடிக்கடி எண்ணுவது என்பதற்கு, 1951-இல் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த ஃபோர்டு டிக்கி பரப்பிய ஏ.பி.சி. பாகுபாடு, மொத்தச் செலவில் பெரும்பங்கு வகிக்கும் சில பொருள்களை முதலில் கவனி என்கிறது. மருந்தகத்துக்கு அது மட்டும் போதாது. அட்ரினலின் குப்பியின் விலை மிகச் சொற்பம், அது இல்லாத நேரத்தின் நஷ்டமோ அளவிடற்கரியது. ஆதலால் நமது ஆஸ்பத்திரிகளில் உயிர்காப்பவை, அவசியமானவை, விரும்பத்தக்கவை என்னும் வேறொரு பாகுபாட்டையும் இதனோடு சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். முதலில் காலாவதியாவதை முதலில் கொடுக்கும் ஒழுங்கும் இதே வகையைச் சேர்ந்தது. வானொலி அலையால் தன்னைத் தெரிவிக்கும் ஆர்.எஃப்.ஐ.டி. சீட்டுகளை வால்மார்ட் கடைகளில் ஒட்டிப் பார்த்தபோது தட்டுப்பாடு 16 சதவீதம் குறைந்ததாக அர்க்கன்சா பல்கலைக்கழகத்தார் 2005-இல் அறிவித்தார்கள். விலையுயர்ந்த ஊசி மருந்துகளுக்கு அம்முறை தகும், மாத்திரை அட்டைகளுக்கு இப்போதைக்கு அவசியமில்லை.

இயந்திரத்தைக் காட்டிலும் கடினமான தடை ஒன்று நிர்வாகத்தில் இருக்கிறது. எண்ணியதில் வேறுபாடு கண்டால் உடனே விளக்கம் கேட்டு மெமோ கொடுத்து, சம்பளத்தில் பிடித்தம் செய்வார்கள் என்று அஞ்சும் ஊழியர், வேறுபாட்டைக் காட்டாமல் ஏட்டுக்கு ஏற்றபடி எண்ணிக்கையை எழுதிவிடுவார். அதன் பின்னர் உலகிலுள்ள எந்தக் கணிப்பொறியாலும் உண்மையை மீட்க இயலாது. திருட்டுக்குத் தண்டனை வேண்டியதுதான். ஆனால் தாமே எண்ணித் தாமே வேறுபாட்டை அறிவித்தவரைக் குற்றவாளியாக நடத்தாத விதி ஒன்று எழுத்து மூலமாகவே இருக்க வேண்டும். எண்ணுவதற்கு ஆளும் நேரமும் கொடுக்காமல், மருந்து வழங்கும் ஒரே மருந்தாளுநரிடமே பதிவையும் எண்ணிக்கையையும் சுமத்துவது எவ்விதத்திலும் நியாயமாகாது. ஒரு புதிய மென்பொருளுக்குச் செலவிடும் தொகையில் ஒரு பங்கையேனும் இப்பணிக்கென்று ஆட்களை நியமிக்கச் செலவிட்டால் பலன் விரைவில் தெரியும்.

கடைசியாக, இந்த எண்ணை யார் பார்க்கலாம் என்ற கேள்வி இருக்கிறது. நியாயவிலைக் கடைகளில் அன்றைய இருப்பைப் பலகையில் எழுதி வைப்பதும், குடும்ப அட்டைதாரர் கைப்பேசியின் வழியே தம் கடையின் இருப்பை அறிந்துகொள்வதும் தமிழ்நாட்டில் வழக்கத்துக்கு வந்துவிட்டன. அரிசிக்கும் சர்க்கரைக்கும் உள்ள இந்த உரிமை, ஆரம்ப சுகாதார நிலையத்தின் உயிர்காக்கும் மருந்துகளுக்கும் இருப்பதே முறை. பஸ் கட்டணம் செலவழித்து, கூலியையும் இழந்து வந்து, ‘ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள்’ என்று கேட்டுத் திரும்பும் ஏழைக்கு அந்தச் செய்தியை வீட்டிலிருக்கும்போதே சொல்லிவிட முடியும். எண்ணை வெளியிட்டால் பிழைகளும் வெளிப்படும் என்று அதிகாரிகள் தயங்கக்கூடும். அதற்கும் வழி உண்டு. ஒவ்வொரு மருந்தின் எதிரிலும், எத்தனை பேருடைய சிகிச்சைக்குப் போதும் என்பதையும், கடைசியாக நேரில் எண்ணப்பட்ட தேதியையும் காட்டி, இல்லாத மருந்துக்கு அது இருக்கும் மிக அருகிலுள்ள நிலையத்தின் பெயரையும் சேர்த்துவிட்டால், பார்ப்பவர் அந்த எண்ணை எவ்வளவு நம்புவது என்பதைத் தாமே தீர்மானித்துக்கொள்வார். மூன்று மாதமாக எண்ணப்படாத அலமாரி எந்த ஊரில் இருக்கிறது என்பதும் மாவட்ட அதிகாரிக்குத் தனி அறிக்கை இல்லாமலே தெரிந்துவிடும்.